ஆபீஸ் செடிக்கு நான் பொறுப்பு

என் வீட்டுக்கு வருகிறவர்களிடம், தயவுசெய்து செடி கிடி எதுவும் வாங்கி வராதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது என் வழக்கம். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். பளபளவென்று காகிதம் சுற்றிய தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து கையில் திணித்து, "உங்க கைக்கு நல்லா வரும்" என்று வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். என் கைக்கு எது வரும், எது வராது என்று முடிவு செய்ய ஊரில் எல்லோருக்கும் உரிமை உண்டு. எனக்குத்தான் இல்லை. இந்த எரிச்சல் நேற்று வந்ததல்ல. எழுபதுகளில், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் வந்தது.

பொன்னேரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குக் கொஞ்சம் நெல் வயல் இருந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுப் பொன்னேரியில் டைப்ரைட்டிங் படித்தேன். லோயர், ஹையர் இரண்டும் பாஸ். அப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் நெடுஞ்சாலையோரத்தில் பம்பு செட்டுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் தொழிற்சாலை ஒன்று புதிதாக வந்திருந்தது. டைப் அடிக்க ஆள் வேண்டும் என்று எங்கள் டைப்ரைட்டிங் சாரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் என்னை அனுப்பினார்.

காலையில் பாசஞ்சர் ரயில், சாயங்காலம் பாசஞ்சர் ரயில். ஷெட்டுக்குள் வரிசையாக லேத்து மெஷின்கள், அவற்றோடு ஆண்கள். முன்பக்கம் தடுப்புச் சுவர் வைத்து ஒரு ஆபீஸ். அதில் மேனேஜர், ஒரு டெலிபோன், நான். பெண் என்று அந்த இடத்தில் நான் ஒருத்திதான். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் மேனேஜரிடம் போய்ச் சாவி கேட்க வேண்டும். அதற்குப் பயந்து மத்தியானம் வரை தண்ணீரே குடிக்க மாட்டேன்.

"இப்போ டெம்ப்ரரிதாம்மா. ஆறு மாசம் பார்க்கலாம், அப்புறம் பர்மனெண்ட்" என்றார் மேனேஜர்.

அந்த ஆறு மாதத்தில்தான் என் வாழ்க்கையே மாட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் தம்பி மகனுக்கு என்னைக் கொடுப்பதாகப் பேசி வைத்திருந்தார்கள். நல்ல மனிதர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாமா வீட்டில், ரயிலேறி வேலைக்குப் போகிற மருமகள் தங்களுக்கு ஒத்துவராது, வேலையை விட்டுவிட்டு வரட்டும் என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கடைசியில் நைனாதான், வரப்புத் தகராறு தீர்த்து வைக்கிறவர் மாதிரி ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"வேல பர்மனெண்டு ஆச்சின்னா போய்க்கினு இருக்கட்டும், எவனும் ஒண்ணும் கேக்கக் கூடாது. ஆவலன்னா தையில கல்யாணம், அப்போ இவ ஒண்ணும் கேக்கக் கூடாது."

இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டோம். எனக்கு என் டைப்பிங்கின்மேல் அத்தனை நம்பிக்கை. மேனேஜர் எழுதிக் கொடுக்கும் இங்கிலீஷில் பிழை இருந்தால் அவருக்கே தெரியாமல் திருத்தி அடித்துக் கொடுப்பேன். ஆறு மாதம் எதற்கு, ஒரு மாதத்திலேயே தெரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன்.

இதற்கு நடுவில் மெட்ராஸில் இருந்த முதலாளி வெளிநாடு போய் வந்தார். போன இடத்தில் ஆபீசுக்குள்ளேயே செடி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் பார்த்தோம் என்று சும்மா இருந்திருக்கலாம். இரும்புத் தடி ஏற்றி வருகிற லாரியிலேயே எங்களுக்கும் தொட்டிகளை அனுப்பி வைத்தார். அகல இலை ரப்பர் செடி ஒன்று, குரோட்டன்ஸ் சில, கொடியாகத் தொங்கும் மணி பிளாண்ட் ஒன்று, சீப்பு சீப்பாக இலை விட்ட, பேர் தெரியாத ஒன்று. எங்கே வைப்பது என்று மேனேஜர் சுற்றிமுற்றிப் பார்த்தார். யாரிடம் ஒப்படைப்பது என்று பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

"நீங்களே பாத்துக்கோங்கம்மா. லேடீஸ் கை பட்டாத்தான் செடி நல்லா வரும்."

"சார், எனக்குச் செடியெல்லாம் பழக்கமில்ல சார்."

"என்னம்மா நீங்க, விவசாயக் குடும்பம்னு நீங்கதானே சொன்னீங்க."

விவசாயக் குடும்பம்தான். ஆனால் எங்களுக்குத் தெரிந்த பயிர் ஒன்றே ஒன்று. அது கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு உச்சி வெயிலில் காய்வது. வேறு பயிர் வைத்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் கிடையாது. வெயில் படாமல், ட்யூப் லைட் வெளிச்சத்தில், மின்விசிறிக் காற்றில் ஒரு செடி நிற்கும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். காலையில் வந்ததும் தொட்டியின் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினேன். அது அடியில் இருந்த ஓட்டை வழியாக ஒழுகி, மேனேஜரின் புதுத் தரையெல்லாம் ஓடியது. தண்ணீர் கசிந்தால் மடையை அடைப்பதைத்தானே பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். மறுநாள் வயலிலிருந்து ஒரு உருண்டை களிமண் கொண்டுவந்து எல்லாத் தொட்டியின் ஓட்டையையும் அழகாக அடைத்துவிட்டேன். தண்ணீர் நின்றது. தரை சுத்தமாக இருந்தது. மேனேஜர்கூட, "பார்த்தீங்களா, இதுக்குத்தான் லேடீஸ் வேணும்கிறது" என்றார்.

கொஞ்ச நாளில் சீப்பு இலைச் செடி அடியிலிருந்து கறுத்து, அழுகி, சாய்ந்துவிட்டது. குரோட்டன்ஸ் மஞ்சளாகி இலை இலையாகக் கொட்ட ஆரம்பித்தது. நான் நைனாவிடம் கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வெயிலு படுதா?"

"படாது நைனா."

"காத்து?"

"ஃபேனு இருக்குது."

"அப்போ அது பயிரு இல்லம்மா, நோயாளி" என்றார். "ஆஸ்பத்திரியில படுத்துக்கினு கீற மாதிரி கீது. நோயாளிக்கு நல்ல சாப்பாடு போடணும். கடலப் புண்ணாக்க ஊறப் போட்டு ஊத்து."

நான் ஊறப் போட்டேன். வயலில் அந்த நாற்றம் காற்றோடு போய்விடும், யாருக்கும் தெரியாது. ஜன்னலைச் சாத்தி வைத்த ஆபீசில் ஊற்றினால் என்ன ஆகும் என்று நைனாவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. மறுநாள் காலையில் கதவைத் திறந்த மேனேஜர் அப்படியே திரும்பி வெளியே போய்விட்டார். அன்றைக்கு முழுவதும் ஒரு கையில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் டெலிபோன் பேசினார். மெட்ராஸிலிருந்து பேசியவர்கள், ஏன் சார் ஜலதோஷமா என்று கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட்டு, நிதானமாகத்தான் சொன்னார்.

"முதலாளி ஆசைப்பட்டு அனுப்பின செடிம்மா இது. வந்தா முதல்ல இதைத்தான் பார்ப்பார். செடி இப்படி இருந்தா அவர்கிட்ட உங்க விஷயத்தை நான் எப்படி எடுக்கறது, சொல்லுங்க."

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. நான் அடித்த கடிதம் எல்லாம் எங்கே போயிற்று? பிழையில்லாமல் அடித்தேனே, அதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். இங்கே வைத்தவர் மெட்ராஸில் உட்கார்ந்திருக்க, ஊற்றுகிறவளுக்கு வேலையே போகும் போலிருந்தது. ரயிலில் வீடு திரும்பும்போது, கும்மிடிப்பூண்டியில் மீன் விற்றுவிட்டுப் பழவேற்காட்டுக்குத் திரும்புகிறவர் யாரோ காலி மீன் கூடையை என் காலருகே வைத்ததற்காக அவரோடு சண்டை போட்டேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

ஓட்டையை அடைத்ததுதான் தப்பு என்று பிறகு நானாகவே கண்டுபிடித்தேன். களிமண்ணைக் குத்தி எடுத்தேன். தண்ணீரைக் குறைத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, சாப்பிட்டதும் உள்ளே இழுத்து வந்தேன். ரப்பர் செடியும் மணி பிளாண்டும் ஒருவழியாகத் தேறின. அப்பாடா என்று நான் உட்கார்ந்த நேரத்தில்தான் மற்றவர்கள் ஆரம்பித்தார்கள்.

ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் மேனேஜரைப் பார்க்க வரும்போது என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். போகிற ஒவ்வொருவரும் கையில் இருப்பதைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போனார்கள். மிச்சம் வைத்த டீயை ஊற்றினார்கள். சொம்பில் குடித்தது போக மீந்த தண்ணீரை ஊற்றினார்கள். ஒருநாள் ரப்பர் செடியின் மண்ணெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. லேத்தில் இரும்பைக் கடையும்போது சூடு தணிய ஊற்றுவார்களே, எண்ணெய் கலந்த தண்ணீர், பார்க்கப் பால் மாதிரி இருக்கும், அதைக் கொண்டுவந்து யாரோ ஊற்றியிருந்தார்கள். நான் எழுந்து போய் ஷெட் மேஸ்திரியிடம் சண்டை போட்டேன்.

மேஸ்திரி ஆரம்பாக்கத்துக்காரர். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் என்பதால் பேச்சில் பாதி தெலுங்கு வாடை அடிக்கும். மெஷினில் ஒரு சத்தம் மாறினாலும் எழுந்து வந்துவிடுவார். மனிதர்கள் என்ன சத்தம் போட்டாலும் அசைய மாட்டார்.

"நான்தாம்மா ஊத்தினேன்" என்றார்.

"எதுக்கு ஊத்தினீங்க?"

"சூடா இருந்துச்சி. தொட்டுப் பாத்தேன்."

"செடி சூடா இருந்துச்சா?"

"மண்ணு சூடா இருந்துச்சி. மெஷினு சூடானா அதைத்தான் ஊத்துவோம். பேஜாரு பண்ணாதம்மா, நல்லதுதான் ஊத்தினேன்."

'செடியில் எதையும் ஊற்றாதீர்கள்' என்று பெரிய எழுத்தில் டைப் அடித்து ஒட்டினேன். அதைப் படித்துவிட்டு, "யாரும்மா ஊத்தறாங்க?" என்று கேட்டபடியே ஒருவர் டீயை ஊற்றினார். ஆளாளுக்கு நாட்டாமை. மணி பிளாண்ட் கொடி நீண்டு தரையில் கிடக்கிறதே என்று ஒருவர் அதை வயரை வளைக்கிற மாதிரி வளைத்து, ஆணி அடித்து, செம்புக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். கட்டிய இடத்திலிருந்து கொடி பட்டுப்போனது. நான் கத்தினேன், அழுதேன், மேனேஜரிடம் சொன்னேன். மேனேஜர், "அவங்களுக்கு நீங்கதாம்மா எடுத்துச் சொல்லணும்" என்றார்.

ஆறு மாதம் முடிந்தது. ஆர்டர் வரவில்லை. கேட்டதற்கு, முதலாளி ஆயுத பூஜைக்கு வருகிறார், அப்போது நேரில் சொல்லி முடித்துவிடலாம், அதுவரை செடியை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இந்தச் செய்தி எப்படியோ மாமா வீட்டுக்குப் போய்விட்டது. ஆகவில்லையாமே, அப்படியென்றால் வந்து நாள் குறித்துவிட்டுப் போகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் வருவதாகச் சொன்னது ஆயுத பூஜைக்கு முந்தைய நாள். நான் லீவு கேட்டேன். எதற்கு என்று மேனேஜர் கேட்க, இருந்த எரிச்சலில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"கல்யாணத்துக்கு நாள் பார்க்க வர்றாங்க சார். வேலை பர்மனெண்ட் ஆகலேன்னா கல்யாணம்."

"அட, நல்ல விஷயம்தானேம்மா" என்றார், ஷெட்டுக்கே கேட்கிற குரலில்.

அன்றைக்கு வீட்டில் மாமாவும் அத்தையும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கேசரி கிண்டினாள். நைனா மட்டும் தன் தீர்ப்பிலிருந்து நகரவில்லை. "நாளைக்கி மொதலாளி வர்றாரு. அது தெரிஞ்சப்புறம்தான் பஞ்சாங்கத்தப் பிரிக்கணும்" என்று சொல்லி மாமாவை உட்கார வைத்துவிட்டார். மாமாவும் அத்தையும் அன்று எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். நான் தூங்கவில்லை. எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்றில்லை. வேலையை விட்டுவிட்டுப் போகச் சொன்னதுதான் தாங்கவில்லை. அதுவும் நான் டைப் சரியாக அடிக்காததால் போனால்கூட ஒத்துக்கொள்வேன். குரோட்டன்ஸ் இலை கொட்டியதால் போகப் போகிறது என்பதை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

ஆயுத பூஜை அன்று காலை நான் ஆபீசுக்குள் நுழைந்தேன். மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. செடிகளைப் பார்த்தேன். பார்த்தபடி நின்றேன்.

எந்தச் செடியிலும் தூசி இல்லை. ஒவ்வொரு இலையும் பளபளவென்று, கறுப்பும் பச்சையுமாக மின்னியது. ரப்பர் செடியின் ஒவ்வொரு இலைக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார்கள். கழுத்து என்று அவர்கள் நினைத்த இடத்தில் ஒரு சாமந்தி மாலை. பாதி இலை கொட்டிப்போன குரோட்டன்ஸுக்கும் விபூதிப் பட்டை போட்டிருந்தார்கள். நான் ஒரு இலையைத் தொட்டேன். கையெல்லாம் எண்ணெய்.

மேஸ்திரி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"இது யாரு பண்ணினது?"

"நாங்கதாம்மா. நேத்து மெஷினெல்லாம் தொடைச்சோம் இல்ல, அப்படியே இதையும் தொடைச்சிட்டோம். பஞ்சு வேஸ்ட்டுல மண்ணெண்ணெய் நனைச்சி அழுக்கெடுத்துட்டு, மேல ஒரு கை மெஷின் ஆயில் பூசினோம். துரு புடிக்காது."

"செடி எங்க மேஸ்திரி துரு புடிக்கும்?"

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. எல்லோரும் ஓடினார்கள். நான் புடவைத் தலைப்பால் ஒரு இலையைத் துடைக்கப் பார்த்தேன். சந்தனமும் எண்ணெயும் குழைந்து தலைப்பில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

ஷெட்டில் பூஜை ஆரம்பித்தது. ஊதுவத்தி, சாம்பிராணி என்று ஒரே புகை. அதற்காகச் சாமிக்கு நன்றி சொன்னேன், மண்ணெண்ணெய் வாடை அதில் அமுங்கிவிட்டது. மேஸ்திரி கற்பூரத் தட்டோடு ஒவ்வொரு மெஷினுக்கும் காட்டிக்கொண்டே வந்தார். பின்னால் முதலாளி, அவர் பின்னால் மேனேஜர். கடைசி மெஷினோடு நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. ஆபீசுக்குள் வந்து டெலிபோனுக்குக் காட்டினார், என் டைப்ரைட்டருக்குக் காட்டினார். பிறகு, எரிகிற கற்பூரத்தோடு, மண்ணெண்ணெய் குளித்து நிற்கும் ரப்பர் செடியை நோக்கித் திரும்பினார். நான் குறுக்கே பாய்ந்து போய் இரண்டு கையையும் நீட்டித் தட்டிலேயே கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். முதலாளிக்கு முன்னால் முந்திக்கொண்டு போய் ஒற்றிக்கொண்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் தட்டை விட்டு நகரவே இல்லை. கற்பூரம் அணைந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

முதலாளி என்னைப் பக்திமான் என்று நினைத்திருக்க வேண்டும். சிரித்தார். அப்போதுதான் அவர் செடியைக் கவனித்தார். கிட்டே போனார். கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அங்கேகூட இவ்வளவு பளபளப்பு இல்லியே" என்றார். "யாரு இதைப் பார்த்துக்கறது?"

மேனேஜர் என்னை முன்னால் தள்ளினார். "இந்தப் பொண்ணுதான் சார். டெம்ப்ரரியா இருக்கு."

"இவ்வளவு பொறுப்பா இருக்கற பொண்ணை எதுக்கு டெம்ப்ரரியா வெச்சிருக்கீங்க? பர்மனெண்ட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பொரி கடலை வாங்கிக்கொள்ளப் போய்விட்டார்.

அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கும் மேலாக நான் அடித்த கடிதம் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை. பூஜை முடிந்ததும் மேனேஜர் சொல்லச் சொல்ல என் பர்மனெண்ட் ஆர்டரை நானே அடித்தேன். எண்ணெய்க் கையோடு அடித்ததில் காகிதத்தின் ஓரத்தில் ஒரு விரல் அடையாளம் விழுந்தது.

வீட்டில் நைனா விஷயத்தைக் கேட்டதும் மாமாவைப் பார்த்து, "பாத்துக்க மச்சான், பேச்சுன்னா பேச்சுதான்" என்று எழுந்துபோய்விட்டார். மாமாவும் அத்தையும் சாப்பிட்டுவிட்டு, கோபமில்லாமல்தான் கிளம்பினார்கள். அவர்கள் போன பிறகு நான் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன், அவமானமாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

"எதப் பாத்துக் குடுத்தா இன்னாடி" என்றாள் அம்மா. "குடுத்தாங்கல்ல. போய் மூஞ்சியக் கழுவிக்கினு வா."

அடுத்த வாரத்திலிருந்து இலைகள் உதிர ஆரம்பித்தன. எண்ணெய் பூசிய இலை எப்படி மூச்சு விடும்? ரப்பர் செடியின் பெரிய இலை ஒவ்வொன்றாக, பளபளப்புக் குறையாமல், தொப்பென்று விழுந்தது. டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் அந்தச் சத்தம் கேட்கும். பூந்திக்கொட்டையை ஊற வைத்து, நுரைத்த தண்ணீரில் மிச்ச இலைகளைக் கழுவிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தீபாவளி நெருங்கியது. மேனேஜர் கூப்பிட்டார்.

"முதலாளி தீபாவளிக்கு ஸ்வீட் கொடுக்க வர்றார்மா. மெட்ராஸிலிருந்து இன்னும் நாலஞ்சு தொட்டி அனுப்பச் சொல்லியிருக்கார். நீங்க இப்போ பர்மனெண்ட் ஆயிட்டீங்க. இன்னும் பொறுப்பா பார்த்துக்கணும்."

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியாது. போன மாதம் என்றால் சரி சார் என்று சொல்லியிருப்பேன்.

"முடியாது சார்" என்றேன். "நான் டைப் அடிக்க வந்தவ."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? உங்களைப் பர்மனெண்ட் பண்ணினதே அதுக்குத்தானே."

"ஆர்டர்ல டைப்பிஸ்ட்னுதான் சார் இருக்குது. நான்தான் அடிச்சேன்."

மேனேஜர் ஷெட் பக்கம் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டு, இந்தச் செத்த செடிகளையெல்லாம் வெளியே எடுத்துப் போடச் சொன்னார். வரப்போகிற தொட்டிகளை வாட்ச்மேனிடம் கொடுத்து வாசல் கேட் பக்கம் வைத்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன்.

தொட்டிகளை எடுக்க மேஸ்திரிதான் வந்தார். மேனேஜர் எதிரில் அடக்கி வைத்திருந்த கோபம் முழுவதையும் நான் அவர்மேல் கொட்டினேன். நன்றாக இருந்த செடியைக் கொன்றது நீங்கள், மண்ணெண்ணெய் போட்டு யாராவது செடியைத் துடைப்பார்களா, எழுதி ஒட்டினேனே, கண் தெரியாதா, ஏதாவது ஒன்றையாவது தொடாமல் இருக்க உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி குனிந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அன்னிக்கி நீ லீவு" என்றார். "கல்யாணத்துக்கு நாள் பாக்க வர்றாங்க, வேல ஆவலன்னா கட்டிக் குடுத்துடுவாங்கன்னு மேனேஜரு பேசிக்கினு இருந்தாரு. செடியப் பாத்தா வாடிப்போயி நிக்குது. மறுநாளு மொதலாளி வர்றாரு. பசங்க எல்லாம் இன்னா மேஸ்திரி பண்றதுன்னாங்க. நமக்கு இன்னா தெரியும்? மெஷினு தொடைக்கத் தெரியும். மெஷினு வேல முடிஞ்சப்புறம் எல்லாரும் குந்திக்கினு ஒவ்வொரு எலையா தொடைச்சோம்."

என் வாயில் வந்ததெல்லாம் பழைய கோபத்தின் மிச்சம்தான்.

"இனிமேலாவது செடிக்கு ஆயில் போடாதீங்க" என்றேன்.

"இனிமே எதுக்கும்மா போடப் போறோம்?" என்றார் அவர். "அதான் உனக்கு வேல ஆயிடுச்சே."

தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். நான் டைப்ரைட்டர்மேல் கை வைத்தபடி அழுதேன். அந்த மனிதர் தன்மேல் கோபப்படக்கூட முடியாமல் செய்துவிட்டாரே என்ற ஆத்திரத்தில்தான் அழுதேன் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.